பேனா மேல் நின்ற குண்டு ‘ட’

என் கணவர் வரைந்த எழுத்து எனக்குப் பிடிக்காது. கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் அவரிடம் எனக்குப் பிடிக்காமல் போனவை மூன்றுதான். குறட்டை, சண்டை போடும்போது பதில் சொல்லாமல் சிரிப்பது, இந்த எழுத்து. முதல் இரண்டும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும். மூன்றாவது தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற வழியெல்லாம் போர்டு போர்டாகத் தொங்கும்.

அவர் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். முதல் பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, பிரியாணிக் கடை திறப்பு எல்லாம் அவர் கம்ப்யூட்டர் வழியாகத்தான் தெருவுக்குப் போகும். வருகிறவர்கள் யாரும் எழுத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். எங்கோ பார்த்த பேனரை மொபைலில் படம் எடுத்துவந்து, “இந்த மாதிரி போடுங்கண்ணா” என்பார்கள். நாளெல்லாம் அடுத்தவர் வரைந்த எழுத்துகளை இழுத்து, சுருக்கி, நிழல் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பழைய லேப்டாப்பைத் திறந்து சொந்தமாக ஓர் எழுத்து, ‘அ’விலிருந்து ‘ன’ வரை ஒரு முழு ஃபான்ட், வரைவார். இரண்டு வருஷம் வரைந்தார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன், அவர் ஒரு ‘ழ’வுக்கு வால் வைத்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் நடுவில் கொசுவத்திச் சுருள் புகைந்துகொண்டிருக்கும்.

பழைய தீப்பெட்டிப் படங்கள், பிஸ்கட் டப்பாக்கள், மாத நாவல் அட்டைகள் ஆகியவற்றைப் பார்த்து அவர் மனதில் வந்த எழுத்து அது. எல்லாம் குண்டு. மூலை என்று ஒன்றுமே கிடையாது, எல்லா முனையும் மழுங்கியிருக்கும். எடை முழுவதும் அடியில் இறங்கி, புளித்துப் பொங்கிய மாவு பாத்திரத்தின் விளிம்பில் நிற்கிற மாதிரி நிற்கும். உள்ளே இருக்கும் துவாரங்கள் ஊசி நுழைகிற அளவு. புள்ளி மட்டும் போண்டா சைஸ். நான் பதினெட்டு வருஷம் கரும்பலகையில் நேர்கோட்டில் எழுதியவள். என் எழுத்தில் ஒரு கால் இன்னொரு கால்மேல் சாயாது. இந்தக் குண்டர்களைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

முடித்ததும் அதற்குப் பெயர்கூட வைக்காமல் டிசைனர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இலவசமாகப் போட்டுவிட்டார். ஃபைலின் பெயர் ‘நியூ ஃபைனல் 3’. அந்தப் பெயரிலேயே அது பரவியது. காட்டாங்குளத்தூரில் ஜூஸ் கடை, பெருங்களத்தூரில் பானிபூரி வண்டி, குழந்தைகளுக்கு முடிவெட்டும் கடை. கூடுவாஞ்சேரியில் வீட்டு மனை விற்கிறவர்களும் அதை விடவில்லை. பட்டா, அப்ரூவல் எல்லாம் மிட்டாய்க் கடைப் பெயர் மாதிரி கொழுகொழுவென்று சிரித்தன. ஒரு காலேஜ் மாணவன் கடைக்கு வந்து, “செம ரெட்ரோண்ணா” என்று சொல்லிவிட்டானாம். அன்றைக்கு இவர் தரையில் நடக்கவில்லை.

“ரெட்ரோன்னா என்ன?” என்று கேட்டேன்.

“பழசு மாதிரி இருக்கும், ஆனா புதுசு.”

“எங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் அப்படித்தான் டை அடிச்சிட்டு வர்றாங்க.”

சிரித்தார். அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை கோவளத்தில் மீன் வாங்கிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தபோது, மணலில் ஏற்றி வைத்திருந்த படகு ஒன்றின் பக்கத்தில் அவருடைய எழுத்து. நின்றுவிட்டார். என் கையில் சங்கரா மீன் பை சொட்டிக்கொண்டிருக்கிறது. வலை பிரித்துக்கொண்டிருந்த படகுக்காரர், “இன்னா சார் அப்டிப் பாக்குறீங்க?” என்றார்.

“எழுத்து நல்லா இருக்கு.”

“ஆமா சார். அம்மாந்தூரம் வர சொல்லோவே தெரிஞ்சிரும், நம்ம போட்டுன்னு.”

அதை வரைந்தது தான்தான் என்று இவர் சொல்லவே இல்லை. நானாக இருந்தால் பெயர், முகவரி, படித்த பள்ளி எல்லாம் சொல்லியிருப்பேன். பஸ்ஸில் ஏறியதும் அதற்கும் அவரைத் திட்டினேன்.

இனி என் கதை. நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தேன். போன வருஷம் புது நிர்வாகம் வந்து எல்லா வகுப்பிலும் பெரிய திரை மாட்டியது. பாடம் வீடியோவாக அதில் ஓடும். டீச்சர் பட்டனை அமுக்கிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். நடுவில் நிறுத்தி விளக்கக்கூடாது, போர்ஷன் தள்ளிப்போகுமாம். நான் இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாவது வாரம் திரையை அணைத்துவிட்டு சாக்பீஸை எடுத்தேன். விஷயம் மேலே போயிற்று. கரஸ்பாண்டன்ட் அறையில் விசாரணை. “பட்டன் அமுக்கத்தான் ஆள் வேணும்னா வாட்ச்மேனைக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். கதவுக்கு வெளியே வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வீராங்கனையாக இருந்தேன். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு சேலை கட்டிக்கொண்ட பிறகுதான் போக இடமில்லை என்று புரிந்தது. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டின் கார் ஷெட்டில் கார் கிடையாது. அதில் நான்கு பெஞ்சு போட்டு ட்யூஷன் ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தேன். ஜூன் முடிவதற்குள் ஐந்து பேர் சேர்ந்தால் தொடர்ந்து நடத்துவது. சேரவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கு வழியும் பள்ளியிலிருந்தே போனில் வந்தது. இடத்தை ஜூன் கடைசி வரை யாருக்கும் கொடுக்க மாட்டார்களாம், ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து பட்டனை அமுக்கலாமாம். ஐந்து பிள்ளைகள், இல்லையென்றால் மன்னிப்பு. என் கணக்கு இவ்வளவுதான்.

“போர்டு நான் பாத்துக்கறேன்” என்றார் என் கணவர். நானும் விட்டுவிட்டேன். அதுதான் தப்பு. மே மாதம் ஒரு சனிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், கேட்டுக்குப் பக்கத்தில் எட்டடிக்கு ஒரு மஞ்சள் பலகை. மேல் வரியில் ‘இயற்பியல்’, கீழ் வரியில் ‘ட்யூஷன்’. ஒவ்வொரு எழுத்தும் ஓர் அடி உயரம், கெட்டி ஃபோம் ஷீட்டில் வெட்டி, செங்கல் நிறம் அடித்து, டேப் வைத்து ஒட்டியிருந்தார். அதே குண்டு எழுத்து. ‘+1, +2’ என்பது மட்டும் கீழே ஓரத்தில் சின்னதாக, பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. இவர் ஏணியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபம் முடிந்து வந்த வாய் என்பதால் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

முதல் ஆள் திங்கட்கிழமையே வந்தாள். பின் தெருவில், இந்த ஊர் கிராமமாக இருந்த காலத்திலிருந்தே இருக்கும் குடும்பத்தின் மருமகள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, வாயில் விரல்.

“மிஸ், அட்மிசன் போடுறீங்களா? பாப்பாவுக்கு ரெண்டரை வயசு.”

“இது ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கும்மா.”

“இன்னா மிஸ், குழந்தைங்க ஸ்கூலுன்னு போர்டு வெச்சிகினு இப்டி சொல்றீங்க?”

“குழந்தைங்க ஸ்கூல்னு எங்க போட்டிருக்கு? படிச்சீங்களா?”

“அத்த வேற படிக்கணுமா? பாத்தாலே தெரியுதே.”

குழந்தை விரலை எடுத்து போர்டைக் காட்டிச் சிரித்தது. நான் கதவைச் சாத்திவிட்டேன். நன்றாகவே சத்தம் கேட்கும்படி.

ஒரு வாரத்தில் இப்படி ஏழு பேர். ஸ்கூட்டரில் போகிறபோது போர்டைப் பார்ப்பவர்களுக்கு வார்த்தையைப் படிக்க நேரமில்லை. நிறமும் உருவமும்தான் கண்ணில் விழும். பால் மணம் மாறாத பிள்ளைகளாக வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி, டயப்பர் நானே மாற்றுவேனா என்று கேட்டாள். பதினாறு வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் வேகம் குறைத்து, பார்த்து, போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் என் பழைய மாணவன் ஒருவனின் அப்பா, “குட்டிப் பசங்களுக்கு எடுக்க ஆரம்பிச்சுட்டீங்களாமே மிஸ். நல்லது, டென்ஷன் இல்லாத வேலை” என்றார். அவர் மனதில் கள்ளமில்லை. வீட்டுக்கு வந்து நான் அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. சட்டையை மாற்றிக்கொண்டிருந்த என் கணவரைப் பிடித்துக்கொண்டேன். “பதினெட்டு வருஷம் பாடம் எடுத்தவ மூஞ்சியில ஜோக்கர் மூக்கை ஒட்டி விட்டுட்டீங்க. ஊர்ல இருக்கற ஜூஸ் கடைக்கும் எனக்கும் ஒரே எழுத்தா? அந்த எழுத்துக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்தபோது பலகை வெறும் மஞ்சளாக இருந்தது. எழுத்துகளை ஒவ்வொன்றாக, ஓரம் உடையாமல் நெம்பி எடுத்து, ஒரு சாக்கில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தார். சாயங்காலம் கடையிலிருந்து வெள்ளை ஃப்ளெக்ஸில் நீல எழுத்துப் போட்டுக் கொண்டுவந்து மாட்டினார். நேரான, ஒல்லியான, யாரும் குறை சொல்ல முடியாத எழுத்து. எங்கள் தெருவில் ஏற்கெனவே இருந்த நான்கு ட்யூஷன் போர்டுகளும் அப்படித்தான் இருந்தன. எங்களுடையது ஐந்தாவது. அதற்குப் பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரும் வரவில்லை. வேறு யாரும்கூட வரவில்லை.

ஜூன் நடுவில் மூன்று பேர் சேர்ந்தார்கள், போர்டைப் பார்த்து இல்லை. ஒருத்தியின் அக்கா என்னிடம் படித்தவள். மற்ற இருவரும் அவள் வகுப்புப் பையன்கள். அந்தப் பெண் எதைச் சொன்னாலும், “இது எக்ஸாமுக்கு வருமா மிஸ்?” என்று கேட்பாள். பையன்களில் ஒருவன் தூங்குவான், மற்றவன் அவனை எழுப்புவான். மூன்று பேருமே பள்ளியில் வீடியோ பார்த்து வளர்ந்தவர்கள். கேள்வி கேட்டால் பதில் சரியாக வரும், முகத்தில் ஒன்றும் வராது.

மாதக் கடைசி நெருங்கியது. ஒரு காலையில் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதத்தை எழுதினேன். ‘என் நடத்தைக்கு வருந்துகிறேன்’ என்ற வரிக்கு முன்னால் எழுந்துபோய் ஒரு டீ போட்டுக்கொண்டு வந்தேன். எழுதி, ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். என் கணவரிடம் சொல்லவில்லை. போர்டு சண்டைக்குப் பிறகு நாங்கள் சாப்பாடு, கரண்ட் பில், மோட்டார் தவிர வேறு அதிகம் பேசவில்லை. லேப்டாப்பையும் அவர் திறக்கவில்லை. அதைக் கவனித்தேன், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் பாடம் ஈர்ப்பு மையம். ஒரு பொருளின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளிதான் ஈர்ப்பு மையம். அந்த இடத்தில் விரல் வைத்தால் பொருள் சாயாமல் நிற்கும். சில பொருள்களுக்கு அந்தப் புள்ளி உடம்பிலேயே இருக்காது. வளையலுக்கு நடுவில் வெறும் காற்றில் இருக்கும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருவன் தூங்கிவிட்டான். அட்டையில் ஏதாவது வெட்டிக் காட்டலாம் என்று தேடினேன், அட்டை இல்லை. மாடிப்படி அடியில் இருந்த சாக்கு ஞாபகம் வந்தது.

சாக்கை இழுத்துவந்து கொட்டினேன். குண்டு எழுத்துகள் தரையில் உருண்டன. மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். நான் ‘ட’வை எடுத்தேன். ஒரு கால் நேராக நிற்கும், ஒரு கால் படுத்திருக்கும், நடுவில் காலி. எனக்கு வேண்டியது அதுதான்.

“இதோட ஈர்ப்பு மையம் எங்க இருக்கும்? இந்த உள்மூலைக்கு வெளிய, காத்துல இருக்கும். அதனால இதைப் படுக்கவெச்சு ஒத்தைப் பேனா மேல நிறுத்தவே முடியாது. முடிஞ்சா ஒரு வாரம் ஹோம்வொர்க் இல்ல.”

இந்தப் பந்தயத்தை நான் பதினெட்டு வருஷமாகக் கட்டுகிறேன், ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. அந்தப் பெண் பேனாவை மூடியோடு நட்டமாகப் பிடித்துக்கொண்டு ‘ட’வை அதன்மேல் வைத்தாள். சரிந்தது. கொஞ்சம் நகர்த்தினாள். சரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உள்மூலைப் பக்கமாக நகர்த்தினாள், எழுத்தைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். ‘ட’ நின்றது. லேசாக ஆடிவிட்டு, பேனா மேல் குடை மாதிரி நின்றது.

என் காது சூடாகிவிட்டது. பேனா மூடி அகலம், அதனால்தான் என்று ஏதோ சொல்லப் பார்த்தேன். பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. “சரி, நிஜமாவே எங்க இருக்குன்னு பாத்துடலாம்” என்றேன். காம்பஸ் முள்ளால் எழுத்தின் ஓரத்தில் ஒரு துளை போட்டு ஆணியில் மாட்டினோம். அதே ஆணியிலிருந்து ஒரு நூலில் வீட்டுச் சாவியைக் கட்டித் தொங்கவிட்டோம். நூல் போகிற வழியில் பென்சிலால் கோடு. வேறொரு ஓரத்தில் துளை போட்டு இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் ஈர்ப்பு மையம். அது எழுத்தின் உடம்புக்குள்ளேயே இருந்தது. உள்மூலையிலிருந்து ஓர் அரிசி தள்ளி.

“மிஸ், நீங்க தப்பு” என்றான் தூங்குகிற பையன். அவ்வளவு விழிப்பாக அவனை நான் பார்த்ததே இல்லை.

“தப்புதான். ஏன் தப்பு? கண்டுபிடிங்க.”

கண்டுபிடித்தார்கள். நான் எப்போதும் காட்டிய ‘ட’ ஒல்லி. கம்பியில் வளைத்தது, இல்லையென்றால் அட்டையில் ஒல்லியாக வெட்டியது. ஒல்லியாக இருந்தால் மையம் காற்றில் விழும். காலின் தடிமன் ஏற ஏற உடம்பு மையத்தை நோக்கி வரும், ஓரிடத்தில் அதைத் தொட்டுவிடும். அப்படியானால் எவ்வளவு தடிமனில் தொடும்? இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. அந்தப் பெண் கேட்டாள். எக்ஸாமுக்கு வருமா என்று கேட்க மறந்துவிட்டாள்.

எனக்கும் பதில் தெரியாது. வகுப்பில் நின்றுகொண்டு பதில் தெரியாமல் இருந்து எத்தனை காலமாயிற்று! உள்ளே ஓடி, கைக்கு அகப்பட்ட தாளை எடுத்துவந்து, ‘ட’வை அதில் சின்னதாக வரைந்தேன். அளந்தோம். இரண்டு காலும் நீளம் முப்பது சென்டிமீட்டர், தடிமன் பன்னிரண்டு. எழுத்தை இரண்டு செவ்வகமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மையத்தையும் எழுதி, சமன்பாடு போட்டோம். பையன்கள் இருவரும் அடித்துக்கொண்டார்கள், ஒருவன் போட்ட கணக்கில் மற்றவன் தப்புக் கண்டுபிடித்தான். கடைசியில் ஓர் இருபடிச் சமன்பாடு வந்து நின்றது. நீளம் நூறு என்றால் தடிமன் முப்பத்தெட்டைத் தாண்ட வேண்டும். முப்பது சென்டிமீட்டர் எழுத்துக்குப் பதினொன்றரை. பதினொன்றாக இருந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன். இவர் பன்னிரண்டு வைத்திருந்தார்.

வகுப்பு ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடிவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா போன் செய்து என்ன ஆச்சு என்று கேட்ட பிறகுதான் கிளம்பினார்கள். கிளம்பும்போது தூங்குகிற பையன், “நாளைக்கு ‘ப’ எடுக்கலாமா மிஸ்? ‘ப’ கண்டிப்பா வெளியதான்” என்றான். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ராஜினாமா செய்த நாளில்கூட அப்படி இருக்கவில்லை.

எட்டு மணி வாக்கில் என் கணவர் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தார். ஷெட் முழுக்க எழுத்துகள் சிதறிக் கிடப்பதைப் பார்த்து கேட்டிலேயே நின்றார். ‘ட’வைக் கையில் எடுத்து, துளையையும் பென்சில் கோட்டையும் பார்த்தார். கோபப்படுவாரோ என்று நினைத்தேன். நடந்ததைச் சொன்னேன். பந்தயம் கட்டியது, தோற்றது, முப்பத்தெட்டு, எல்லாம். மூச்சு விடாமல் சொன்னேன். பல வாரங்களாகப் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசினேன் போலிருக்கிறது.

பெஞ்சில் கிடந்த தாளை எடுத்து அவர் ‘ட’ கணக்கைப் பார்த்தார். பிறகு திருப்பினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃப்ரிட்ஜ் மேல் இருந்த தாளைத்தான் நான் எடுத்துவந்திருக்கிறேன். ஒரு பக்கம் மன்னிப்புக் கடிதம், மறு பக்கம் அவருடைய எழுத்து. அவர் கடிதத்தை முழுவதும் படித்தார். ‘என் நடத்தைக்கு வருந்துகிறேன்’ என்ற இடத்தில் கண் நின்றது தெரிந்தது.

“இதுல எந்தப் பக்கத்தை வெச்சுக்கணும்?” என்று கேட்டார்.

தாளைக் கையிலிருந்து வாங்கி, கணக்கு மேலே தெரிகிற மாதிரி மடித்து என் புத்தகத்துக்குள் வைத்தேன்.

“பன்னெண்டுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?” என்றேன். இரண்டு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் நான் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

“முடிவெல்லாம் பண்ணல. மொதல்ல ஒல்லியாத்தான் வரைஞ்சேன். எப்படி வெச்சாலும் அது கவுந்துடற மாதிரியே இருந்துது. கொஞ்சம் கொஞ்சமா தடிச்சுக்கிட்டே வந்தேன். எங்க நிக்குதுன்னு தோணுச்சோ அங்க விட்டேன். இந்த ஒரு எழுத்துக்கே மூணு வாரம் ஆச்சு.”

மூன்று பிள்ளைகளும் நானும் அரை மணி நேரம் சமன்பாடு போட்டுப் பிடித்த இடத்தை இந்த மனிதர் வெறும் கண்ணால் பிடித்திருக்கிறார். நான் அதே அறையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

“அறிவு கிடையாதுன்னு சொல்லிட்டேன்.”

“எழுத்தைத்தானே சொன்ன” என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது என்று முதலில் எழுதியிருக்கிறேன். அன்றைக்குப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து பழைய பலகையை மறுபடி மாட்டினோம். ‘ட’வுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடிக்கிறேன் என்றார். கோடும் துளையும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் கேட்டது ஒன்றுதான், ‘+1, +2’ என்பதும் மற்ற எழுத்துகளின் உயரத்துக்கு வர வேண்டும். அன்று மத்தியானமே வெட்டிக் கொடுத்தார். குண்டாகத்தான், வேறு எப்படி? ஏணியை இந்தத் தடவை நான் பிடித்துக்கொண்டேன்.

மாதம் முடிந்தது. நான்காவதாக ஒரு பையன் சேர்ந்தான். பேனா மேல் ‘ட’ நின்ற கதையைப் பள்ளியில் கேட்டுவிட்டு, குண்டு எழுத்து வீட்டை விசாரித்து வந்தவன். ஐந்தாவது ஆள் வரவில்லை. பள்ளியிலிருந்து போன் வந்தது. கடிதம் வராது என்று சொன்னேன். இந்தத் தடவை கத்தவில்லை.

ஜூலையில் ஒரு நாள் கேட்டில் தட்டும் சத்தம். அதே பின்தெருப் பெண், இடுப்பில் அதே குழந்தை. நான் கதவைச் சாத்தியதை அவள் மறந்திருக்க மாட்டாள், இருந்தும் வந்திருந்தாள். இந்தத் தடவை கதவை முழுவதும் திறந்தேன்.

“போர்டு திரும்ப வந்துட்ச்சே மிஸ். இப்பவாச்சும் சின்னப் பசங்கள சேத்துக்குவீங்களா?”

“இல்லம்மா, பெரிய பசங்களுக்குத்தான். பதிமூணு வருஷம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்.”

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நெஜமா இருப்பீங்களா?”

“இருப்பேன்.”

“அப்ப பேர எழுதிக்கங்க. அப்பால எடம் இல்லன்னு சொல்லக் கூடாது.”

வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து, நான்கு பெயருக்குக் கீழே ஐந்தாவது வரியில் குழந்தையின் பெயரை எழுதினேன். அது போர்டையே பார்த்துக்கொண்டிருந்தது. எந்த வகுப்பு என்ற இடத்தில் ‘+1’ என்று போட்டேன்.